மேசையை நகர்த்தாதே

ஹார்லன் பியர்ஸ் கப்பல்,
டெட்ராய்ட் ஆறு,
8 ஜூலை 2007

அன்புள்ள நோரீன் அக்காவுக்கு,

வெண்டெல் எழுதுகிறேன். நான் நலம். கப்பல் சமையலறையில் நின்று நின்று கால் வீங்குவதைத் தவிர வேறு குறை இல்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வீட்டில் மற்றவர்களும் நலம் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பொம்மைச் செங்கல் ஆட்களை இம்மி இம்மியாக நகர்த்திப் படம் எடுக்கும் நம் கூட்டத்தார் இந்த வருஷப் போட்டியை அறிவித்துவிட்டார்கள். இரண்டு நிமிஷப் படம். நவம்பர் முப்பது கடைசி நாள். பழைய படத்தைத் தூசி தட்டி அனுப்பிவிடக் கூடாது என்று வருஷா வருஷம் ஒரு கட்டாயக் காட்சி வைப்பார்களே, இந்த வருஷம் அது ஒரு கதவு. யாராவது தட்ட வேண்டும், உள்ளேயிருந்து அது திறக்க வேண்டும்.

கதை என்னிடம் இருக்கிறது. நிலாவில் வழி தவறிய விண்வெளிக்காரன் ஒருவன் தன் கூடாரத்தைத் தேடி நடக்கிறான். நடந்து நடந்து கடைசியில் கதவைத் தட்டுகிறான். அவ்வளவுதான். ஆனால் கப்பலில் எடுக்க வழியில்லை. எஞ்சின் ஓடினால் இங்கே உப்புக் குப்பியே தானாக நடக்கிறது. அதனால் நீதான் எடுக்க வேண்டும். போன குளிர்காலத்தில் நான் செய்த நிலா மூன்று பெட்டிகளில் உன் வீட்டுக்கு வருகிறது. நீ எடுத்து டிஸ்கில் போட்டு அனுப்பு. தூசு, நூல், கறை எல்லாவற்றையும் நான் என் கணினியில் துடைத்து ஒட்டிச் சேர்க்கிறேன்.

ஒரு விநாடிக்குப் பதினைந்து படம். பொம்மையை மயிரிழை நகர்த்து, ஒன்று எடு, மறுபடி நகர்த்து. ஜன்னலைப் போர்வையால் மூடிவிடு, வெயில் நகர்ந்தால் படம் மினுக்கும். கறுப்புச் சட்டை போட்டுக்கொள். மேசையை மட்டும் யாரும் தொடக் கூடாது. இடுப்பு இடித்தாலும் போச்சு.

நான்கு வருஷமாக நான் ஒரு படமும் முடிக்கவில்லை, அக்கா. இதையும் விட்டால் இனி எடுக்கவே மாட்டேன் என்று தோன்றுகிறது. போன் செய்திருக்கலாம், ஆனால் போனில் பேசினால் நாம் சண்டையில்தான் முடிக்கிறோம். எழுதியே வைத்துக்கொள்வோம். டெட்ராய்ட்டைக் கடக்கும்போது தபால் படகு பக்கத்தில் வரும், வாளியை இறக்கி வாங்கிக்கொள்வேன்.

உன் தம்பி,
வெண்டெல்

*

மான்ஸ்ஃபீல்ட், ஒஹாயோ,
23 ஜூலை 2007

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். முழங்கால் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, விசாரித்ததற்கு நன்றி. ‘மற்றவர்கள்’ என்று நீ எழுதியிருப்பது ஒரே ஒரு ஆள். அவருக்குப் பெயர் அப்பா. நலமாக இருக்கிறார், சாப்பிடுகிறார்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் ஜூன் மாதமே வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்பது அலுத்துப்போயிற்று. ஆகவே உன் நிலா இப்போது முன்னறையில், நம் பழைய சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. வேறு பெரிய மேசை இல்லை. கத்தாதே.

பெட்டிகளைப் பிரிக்கும்போது அப்பா வந்தார்.

“என்னது இது?”

“நிலா.”

“யாரோடது?”

“வெண்டெலோடது.”

முப்பத்தொரு வருஷம் அடுப்புத் தொழிற்சாலையில் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே இடுக்கு அளந்த மனிதர் அல்லவா, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். “பள்ளமெல்லாம் ஒழுங்காத்தான் வெச்சிருக்கான்” என்றார்.

வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் நானூறு பிள்ளைகளுக்குத் தட்டு நிரப்புகிறேன். கோடை விடுமுறையில் கால் நீட்டலாம் என்றிருந்தேன். நீ நிலாவை அனுப்பிவிட்டாய். நேற்று மூன்று மணி நேரம் நின்று எடுத்தேன். மொத்தம் நாலு விநாடி வந்திருக்கிறது. நான் தும்முவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகும். முதல் டிஸ்க்கை அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. சமைக்கிறவன் பட்டினி கிடப்பது நம் குடும்ப வழக்கம், அதை நீயாவது விடு.

அன்புடன்,
அக்கா நோரீன்

*

ஹார்லன் பியர்ஸ் கப்பல்,
12 ஆகஸ்ட் 2007

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். டிஸ்க் வந்தது. சாப்பாட்டறையில் போட்டுப் பார்த்தோம். இரண்டாவது எஞ்சினியர் ரஸ் பார்த்துவிட்டு, “என்னப்பா, உங்காளு போற வழியில சாராயக் கடை எதுவும் இருந்துச்சா?” என்றான். நான் சிரித்தேன், ஆனால் அவன் சொன்னது சரிதான். ஒரு எட்டு நீளம், ஒரு எட்டு குட்டை. கறுப்புச் சட்டையும் நீ போடவில்லை. நீ நகரும்போதெல்லாம் நிலா வெளுத்து வெளுத்துப் போகிறது. மறுபடி எடு, கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்று. விண்வெளிக்காரனின் ஹெல்மெட் கண்ணாடியில் உனக்குப் பின்னால் இருக்கிற அறை தெரிகிறது. முதல் சில நாள் பழுப்பாக இருக்கிறது, அது சோஃபா என்று நினைக்கிறேன். ஒரு வாரம் கழித்துப் பழுப்பு போய், வெள்ளையாக நீளமாக ஏதோ வந்துவிட்டது. நடுவில் எதையும் மாற்றாதே. என்ன அது?

அதே மேசையா, அக்கா? நான்கு வருஷத்துக்கு முன் தாங்ஸ்கிவிங் விருந்தன்று நான் கட்டிய பொம்மைத் துறைமுகம் அதில்தான் இருந்தது. பத்து வாரம் எடுத்த படம், இரண்டே நாள் பாக்கி. விருந்தாளிகளுக்கு மடக்கு மேசை போட இடம் வேண்டும் என்று அவர் அதை ஓரடி தள்ளினார். “எதுவும் உடையலையே, அப்படியேதானே இருக்கு” என்று வேறு சொன்னார். ஓரடி! வெளிச்சம், கோணம், எல்லாம் போயிற்று. பத்து வாரத்தைக் குப்பையில் போட்டேன்.

அவரிடம் சொல்லிவை. அந்தப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

வெண்டெல்

*

மான்ஸ்ஃபீல்ட்,
27 ஆகஸ்ட் 2007

அன்புள்ள வெண்டெலுக்கு,

இங்கே அனைவரும் சௌக்கியம். உன் கால் வீக்கத்துக்கு உப்புத் தண்ணீரில் காலை வை. ஏரித் தண்ணீரில் உப்பு இல்லை என்று ஜோக் அடிக்காதே, எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

எல்லாவற்றையும் மறுபடி எடுத்துவிட்டேன். கறுப்புச் சட்டைதான். ஆகஸ்ட் வெயிலில் ஜன்னலைப் போர்வையால் மூடிக்கொண்டு கறுப்புச் சட்டையில் நிற்கிறேன். நம்மைப் பெற்றவள் இருந்திருந்தால் உன்னைத் திட்டியிருப்பாள்.

வெள்ளையாகத் தெரிவது ஃப்ரிட்ஜ். அடுப்படியில் இடம் போதவில்லை, முன்வாசல் கதவோரம் வைத்திருக்கிறோம். அதை இப்போதைக்கு நகர்த்த முடியாது.

வீட்டு உதவிக்கு ஓப்பல் என்று ஒரு அம்மாள் வாரம் மூன்று நாள் வருகிறாள். நல்லவள், ஆனால் கை சும்மா இருக்காது. போன புதன்கிழமை நான் அடுப்படியில் இருந்தபோது முன்னறையில் அப்பாவின் சத்தம் கேட்டது.

“அங்க போகாதம்மா! மேசையத் தொடாத!”

“தூசுதான் தட்டப் போறேன் சார்.”

“தூசு இருக்கட்டும். ஒரு இஞ்சு அசைஞ்சாக்கூட அவ்வளவும் போச்சு. உனக்குத் தெரியாது. சொன்னாலும் புரியாது.”

ஓப்பல் என்னிடம் வந்து, “அது என்ன, ஏதாவது கண்காட்சிச் சாமானா?” என்று கேட்டாள். மேசைக்கால் நான்கையும் சுற்றித் தரையில் சாக்பீஸ் கோடு போட்டிருக்கிறது. நான் போடவில்லை.

நீ அவரிடம் சொல்லச் சொன்னாய். சொல்லத் தேவைப்படவில்லை.

அக்கா

*

ஹார்லன் பியர்ஸ் கப்பல்,
17 செப்டம்பர் 2007

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது! இரண்டாவது டிஸ்க்கில் அந்த நடை! எப்படி அக்கா? பள்ளத்தில் இறங்கும்போது உடம்பைச் சற்றுப் பின்னால் சாய்க்கிறான், ஏறும்போது நிற்கிறான், மூச்சு வாங்குகிறவன் மாதிரி. ஒவ்வொரு நகர்த்தலும் ஒரே அளவு. திரையில் கோல் வைத்துப் பார்த்தேன், இம்மிகூடத் தப்பவில்லை. ரஸ் பார்த்துவிட்டு, “பாவம், அந்தாளு ரொம்பத் தளர்ந்துட்டான்யா” என்றான். பொம்மை என்பதையே மறந்துவிட்டான். இருபது வருஷமாக நான் முயன்ற நடை அது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

உன் ஃப்ரிட்ஜ்தான் என் உயிரை வாங்குகிறது. ஒரு நாள் தட்டையாக இருக்கிறது, மறுநாள் தலைப்பக்கம் தூக்கிக்கொள்கிறது. இந்த டிஸ்க்கில் கண்ணாடியின் ஓரத்தில் இன்னொரு மங்கல் வேறு. ஒவ்வொரு படமாகத் திறந்து, பெரிதாக்கி, அந்த வெள்ளையைத் துடைத்துக் கறுப்பு வானத்தைப் பூசுகிறேன். முந்நூற்று நாற்பது படம் துடைத்துவிட்டேன். கண் பூத்துப்போயிற்று. ஆனால் இப்போது ஹெல்மெட் பளிச்சென்று இருக்கிறது. அந்த அறையில் யாருமே இருந்ததில்லை என்று சத்தியம் செய்யலாம்.

நடையை எப்படிப் பிடித்தாய் என்று மறக்காமல் எழுது.

வெண்டெல்

*

மான்ஸ்ஃபீல்ட்,
1 அக்டோபர் 2007

அன்புள்ள வெண்டெலுக்கு,

நலம். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, காலையில் அங்கே, மத்தியானம் இங்கே. அதிகம் எழுத முடியவில்லை.

நடை எப்படி வந்தது என்று கேட்டாய். பழக்கம், வேறொன்றும் இல்லை.

வெளியே குளிர ஆரம்பித்துவிட்டது. முன்வாசல் கதவின் அடியில் காற்று வருகிறது. கம்பளித் துணியைச் சுருட்டி வைத்தேன், அப்படியும் வருகிறது. கட்டில் ஒன்றை ஜன்னலோரம் போட்டால் வெயில் படும் என்று ஓப்பல் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அதற்கு மேசையை நகர்த்த வேண்டும். நகர்த்த விடவில்லை. விடு, அது வேறு கதை.

கதவுக் காட்சி ஒன்றுதான் பாக்கி. அதை நீயே வந்து எடுக்கலாமே, வெண்டெல்? நான்கு நாள் லீவு கேட்டால் தர மாட்டார்களா? நீ வந்தால் எனக்கும் கொஞ்சம் இளைப்பாறலாக இருக்கும். இந்த மாதமே வந்தால் நல்லது. கெஞ்சுகிறேன் என்று வைத்துக்கொள்.

அக்கா

*

ஹார்லன் பியர்ஸ் கப்பல்,
15 அக்டோபர் 2007

அக்காவுக்கு,

வணக்கம். நலம்.

நான் வர மாட்டேன். அந்த வீட்டில் அவர் இருக்கும்வரை அந்த வாசல்படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மேசையைத் தள்ளியதுகூடத் தெரியாமல் செய்தது என்று விட்டுவிடுவேன். அதற்குப் பிறகு அத்தை மாமா எல்லோர் முன்னாலும், “முப்பத்திரண்டு வயசு ஆம்பளை, பொம்மைக்காக அழறான் பாருங்க” என்றாரே, எல்லோரும் சிரித்தார்களே, அதைத்தான் விட முடியவில்லை. நீயும் அன்று சிரித்தாய். உன்னை மன்னித்துவிட்டேன். அவரிடம் எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

அவர் சாக்பீஸ் கோடு போட்டால் போடட்டும். நான்கு வருஷம் கழித்துப் போட்ட கோடு.

கதவுக் காட்சியை நீயே எடுத்துவிடு. நாள் நெருங்குகிறது. எனக்கு இந்தப் படம் முடிய வேண்டும், அவ்வளவுதான்.

வெண்டெல்

*

ஹார்லன் பியர்ஸ் கப்பல்,
4 நவம்பர் 2007

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? போன கடிதத்தில் கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டேன். இரண்டு முறை டெட்ராய்ட்டைக் கடந்தோம், இரண்டு முறையும் எனக்கென்று வாளியில் ஒன்றும் வரவில்லை. கோபமா? போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. படம் கிடக்கட்டும். நலம் என்று ஒரு வரியாவது எழுது.

வெண்டெல்

*

மான்ஸ்ஃபீல்ட்,
8 நவம்பர் 2007

அன்புள்ள வெண்டெலுக்கு,

கோபமில்லை. பத்து நாள் வீட்டில் இல்லை, அதனால்தான். திரும்பி வந்துவிட்டோம்.

கடைசி டிஸ்க் இதனுடன் இருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு படம். கூடாரம் வரை வந்து கதவைத் தட்டிவிட்டான். கதவு திறப்பதை எடுக்கவில்லை. என்னால் இனி முடியாது, கால் நிற்க மாட்டேன் என்கிறது, மனசும்தான். நான் ஒருவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்துவிட்டேன், மீற மாட்டேன்.

நூற்று எண்பத்தேழாவது படத்தில் ஒரு தவறு இருக்கிறது. நான் அவசரத்தில் பொத்தானை அழுத்திவிட்டேன், கையை எடுக்கும் முன்பே. படத்துக்குள் ஒரு கை விழுந்திருக்கிறது. நீதான் எல்லாவற்றையும் துடைக்கிறவன் ஆயிற்றே, அதையும் துடைத்துவிடு. துடைக்கும் முன் பெரிதாக்கிப் பார்.

குளிருக்கு நல்ல கையுறை போட்டுக்கொள்.

அக்கா

*

ஈரி ஏரியில்,
15 நவம்பர் 2007

அக்கா,

நலம் விசாரிக்க வாய் வரவில்லை. நாளைக் காலை ஆஷ்டபூலாவில் தாது இறக்குகிறோம். கேப்டனிடம் சொல்லிவிட்டேன், ரஸ் என் இடத்தில் முட்டை பொரிப்பான். இந்தக் கடிதம் வருவதற்குள் நானே வந்துவிடுவேன். ஆனாலும் எழுதுகிறேன். எழுதாமல் உட்கார முடியவில்லை.

அந்தக் கையைப் பெரிதாக்கினேன். முதலில் உன் கை என்றுதான் நினைத்தேன். தோல் அப்படித் தொங்குகிறதே, அக்காவுக்கு இவ்வளவு வயதாகிவிட்டதா என்று இருந்தது. விரல்களுக்கு நடுவே இடுக்கு அளக்கும் அவருடைய தகடு, விசிறி போல மடங்கும் அந்தப் பழைய தொழிற்சாலைத் தகடு. மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை. அதில் அச்சில் இருக்கிறது: எமில் சாபோ, பிறப்பு 1934.

அந்த நடை அவருடையது.

அதற்குப் பிறகு நீ அனுப்பிய டிஸ்க் எல்லாவற்றையும் எடுத்தேன். நான் துடைப்பதற்கு முன் இருந்த படங்கள். ஹெல்மெட் கண்ணாடியை மட்டும் வெட்டி, பெரிதாக்கி, வரிசையாக ஓட விட்டேன். ஃப்ரிட்ஜ் இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டில். கட்டிலில் அப்பா. பேப்பர் படிக்கிறார், தூங்குகிறார், எழுந்து உட்காருகிறார். செப்டம்பரில் சக்கர நாற்காலியில் மேசைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறார், நீ அவருக்குப் பின்னால் நிற்கிறாய். மூன்று மாதம் நாற்பது விநாடியில் ஓடிவிடுகிறது, அக்கா. நாற்பது விநாடியில் அவர் பாதியாகிவிடுகிறார்.

நான் அவரை முந்நூற்று நாற்பது தடவை துடைத்தேன். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, ஓரம் பிசிறில்லாமல், கறுப்பு பூசி. அதைப் பற்றி உனக்குப் பெருமையாகக் கடிதம் வேறு எழுதினேன்.

கட்டிலை ஜன்னலோரம் போட மேசையை நகர்த்த வேண்டும், நகர்த்த விடவில்லை என்று எழுதியிருந்தாய். யார் விடவில்லை என்று நான் கேட்கக்கூட இல்லை. மூடிய ஜன்னலும் கதவடிக் குளிரும் அவருக்கு. எனக்கு நிலா.

முதல் பஸ்ஸில் வருகிறேன்.

வெண்டெல்

*

ஹார்லன் பியர்ஸ் கப்பல்,
7 டிசம்பர் 2007

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கப்பல் குளிர்காலத்துக்குக் கட்டும்வரை இன்னும் ஒரு மாதம்தான். நீ தூங்குகிறாயா? சாப்பிடுகிறாயா? அடக்கம் முடிந்த அன்று நீ நின்றுகொண்டே தூங்கியதைப் பார்த்தேன், எழுப்பவில்லை.

உனக்குத் தெரியாத இரண்டு விஷயம் எழுதுகிறேன்.

நான் வந்த அன்று நீ மருந்துக் கடைக்குப் போயிருந்தாய். கதவைத் தட்டினேன். திறக்க ஆளில்லை. கட்டில் கதவை ஒட்டியே இருந்ததால் அவர் படுத்தபடியே கையை நீட்டித் தாழ்ப்பாளைத் தள்ளியிருக்கிறார். கதவு மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. நான் என்னென்னவோ சொல்ல ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் முதலில் சொன்னது, “பையப் பார்த்து வைடா, மேசைல இடிச்சுடாத.” நான் பையோடு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொன்று தாங்ஸ்கிவிங் அன்று. மேசையில் நிலா இருந்ததால் மூன்று பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டோமே, நீ குழம்பு எடுக்க உள்ளே போனாய். அவர் சாப்பிடவில்லை, தகட்டை விரித்து மூடிக்கொண்டிருந்தார். “ஏன்டா, அன்னிக்கு நான் ஓரடிதான் தள்ளினேன்னு நெனச்சேன். இப்பத்தான் கணக்குத் தெரியுது. அந்தப் பொம்மை ஓரடி போக நானூறு தடவை கையை வைக்கணும். நான் ஒரே தள்ளுல தள்ளிட்டேன்.” நான், “விடுங்கப்பா” என்றேன். “நீ விட்டுட்டியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். நீ குழம்போடு வந்துவிட்டாய்.

கதவுக் காட்சியில் அவர் கதவை நகர்த்தினார், நான் ஆளை நகர்த்தினேன், நீ பொத்தானை அழுத்தினாய். அறுபது படம், நான்கு மத்தியானம். ஐந்தாம் மத்தியானத்துக்கு அவர் இல்லை. நல்லவேளை, கதவு அதற்குள் முழுக்கத் திறந்துவிட்டது.

முப்பதாம் தேதி நூலகத்துக் கணினியிலிருந்து படத்தை அனுப்பினேன் அல்லவா? நான் துடைத்ததை அனுப்பவில்லை. முந்நூற்று நாற்பதையும் தூக்கிப் போட்டுவிட்டு, நீ எடுத்தபடியே வைத்து அனுப்பினேன்.

உன் தம்பி,
வெண்டெல்

*

மான்ஸ்ஃபீல்ட்,
14 டிசம்பர் 2007

அன்புள்ள தம்பி வெண்டெலுக்கு,

நலம். தூங்குகிறேன், இன்னும் காது மட்டும் விழித்திருக்கிறது. யாரோ கூப்பிட்டது போல இருக்கும், எழுந்து உட்காருவேன். போகப் போகச் சரியாகும் என்கிறாள் ஓப்பல். தபால் படகு இந்த வாரத்தோடு நிறுத்திவிடுமாமே, இது வாளிக்குள் விழ வேண்டும் என்று ஓடிப்போய்ப் போடுகிறேன்.

முடிவு வந்துவிட்டது, நூலகத்தில் பார்த்தேன். நாற்பத்தொரு படத்தில் நாம் இருபத்து மூன்றாவது. நடையைப் பற்றி மூன்று நடுவர்களும் பாராட்டியிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் கீழே இப்படி எழுதியிருக்கிறார்: ‘ஹெல்மெட் கண்ணாடியில் அறையும், படுத்திருக்கும் ஒருவரின் உருவமும் தெளிவாகத் தெரிகின்றன. துடைத்திருக்க வேண்டும். கவனக்குறைவு.’ மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். நூலகத்தில் உட்கார்ந்து அதை நாலு தடவை படித்தேன். தெளிவாகத் தெரிகிறதாம், வெண்டெல். முன்பின் தெரியாத ஒரு ஆள் சொல்கிறார்.

உன்னிடம் சொல்லாமல் வைத்ததற்கு என்னை மன்னித்துவிடு. “பரிதாபத்துல வர வேணாம், படத்துக்காக வந்தா வரட்டும்” என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். நானும் சரி என்றேன். அவரோடு வாதாடும் அளவுக்கு அப்போது எனக்கு உடம்பில் தெம்பில்லை. எத்தனையோ தடவை கடிதத்தில் எழுதிவிட்டு, கிழித்துவிட்டு, முழங்கால் வலியைப் பற்றி எழுதினேன்.

கிறிஸ்துமஸுக்கு ஓப்பலைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். “படம்தான் முடிஞ்சிடுச்சே, டேபிளக் காலி பண்ணிடலாமே?” என்றாள். நியாயம்தான். சரி என்று பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தேன். ஒரு பள்ளத்தைக்கூட எடுக்கக் கை வரவில்லை. மடியில் தட்டை வைத்துச் சாப்பிட அவளுக்கும் பழக்கமாகட்டும். தரையை மட்டும் துடைத்தேன், சாக்பீஸ் கோட்டில் ஈரம் படாமல் சுற்றிச் சுற்றி.

கட்டிலை நேற்று வந்து எடுத்துப் போய்விட்டார்கள். கதவோரம் வெறிச்சென்று இருந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. நானும் ஓப்பலுமாகச் சோஃபாவை இழுத்துப் பழைய இடத்தில் போட்டோம். ஜன்னல் போர்வையை எடுத்துவிட்டேன். பிறகு குனிந்து உன் விண்வெளிக்காரனைப் பார்த்தேன்.

ஹெல்மெட் கண்ணாடியில் பழுப்பாகத் தெரிகிறது. வெள்ளையாக எதுவும் இல்லை. இனி நீ எதையும் துடைக்க வேண்டாம்.

ஜனவரியில் நேராக இங்கேயே வா. மேசை அங்கேயேதான் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா